மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. ஹேர்னிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் கவரிங் தோடு போட்டால் இரண்டு காதுச் சோணையும் நீர் வடிந்து புண்ணாகிவிடும். இங்கே வந்த பிறகு ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, கடித்துத் தடித்தது. பழைய மணிக்கூட்டின் பூட்டுப் பட்ட இடத்திலும் அப்படித்தான். பிளாஸ்டிக் என்றால் ஒன்றும் செய்யாது என்று நினைத்து, போன வருஷம் அடியெண்ணும் மலிவான பட்டி ஒன்று வாங்கினேன்; அதற்கும் தடிப்பு வந்தது. இப்போது பிறந்தநாளுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தருகிறேன் என்று மகன் நிற்கிறான். கடைக்குப் போனால் பின்பக்கம் அலுமினியம், ஸ்டீல், டைட்டேனியம், செராமிக், பிளாஸ்டிக் என்று அடுக்குகிறார்கள். டைட்டேனியம் விலை கூட. “இது சேர்ஜிக்கல் ஸ்டீல், உங்களுக்கு ஒன்றும் வராது” என்கிறார் விற்பவர். எதை நம்பலாம்? வேலையில் கையில் எதையும் கட்ட விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் நடைக்கும், இரவில் நித்திரையைக் கணக்கெடுக்கவும்தான் எனக்கு வேண்டும். 12 வயது மகளும் ஒன்று கேட்கிறாள். என் தோல்தான் அவளுக்கும் வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ஹேர்னிங், டென்மார்க்

பதில்:

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவரிங் தோடு, ஜீன்ஸ் பொத்தான், மணிக்கூட்டுப் பூட்டு மூன்றும் ஒரே ஆளுக்குக் கடித்தால், தோல்வைத்தியர் முதலில் சந்தேகப்படுவது நிக்கலைத்தான். அது உறுதியானால் உங்களுக்கு ஏற்ற பின்மூடி டைட்டேனியம் அல்லது செராமிக்; விலை குறைவாக வேண்டுமென்றால் நல்ல பிளாஸ்டிக். ஸ்டீலைக் கடைசியில் வையுங்கள். ஆனால் பிளாஸ்டிக் பட்டிக்கும் தடித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி கணக்கை மாற்றுகிறது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் டைட்டேனியத்துக்குக் காசு கொடுத்தால், காசும் போய்த் தடிப்பும் மிஞ்சலாம்.

கசிவுதான் கணக்கு

உங்கள் கைப்பையில் கிடக்கும் 5 குரோனர் நாணயத்தில் கால்வாசி நிக்கல், மிச்சம் செம்பு. கடையில் அதை எண்ணிக் கொடுப்பதால் உங்கள் விரல் தடிப்பதில்லை. எடுத்த கையோடு கொடுத்துவிடுகிறீர்கள். மணிக்கூடு அப்படியல்ல. மணிக்கணக்காகத் தோலோடு ஒட்டிக் கிடக்கும், அடியில் வியர்வை தேங்கும். வியர்வையின் உப்பு உலோகத்தை மெல்ல அரித்து நிக்கல் அயனிகளை வெளியே இழுக்கும். அவை தோலுக்குள் இறங்கிப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போது, நோயெதிர்ப்பு அணுக்கள் அந்தச் சேர்க்கையை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்கின்றன. ஒருமுறை குறித்தது பொதுவாக ஆயுளுக்கும் அழிவதில்லை. காது குத்திய புண் ஆறும் முன் மலிவுத் தோடு போடுவதில்தான் பலருக்கு இது தொடங்குகிறது. உங்கள் கதையும் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

இதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய முதல் நாடு நீங்கள் வாழும் டென்மார்க். கென்டொஃப்டெ வைத்தியசாலையின் தோல்வைத்தியப் பேராசிரியர் தோர்கில் மென்னே போன்றவர்கள் பல்லாண்டு நிக்கலைத் தொடர்ந்து ஆராய்ந்த நாடு அது. 1989-இல் டேனிஷ் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருளின் ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து கிழமைக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது எல்லை. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதே எல்லையை ஏற்றது. இன்று அது ‘ரீச்’ என்னும் இரசாயனச் சட்டத்துக்குள் இருக்கிறது. மணிக்கூட்டின் உடல், பட்டி, பூட்டு எல்லாமே அதற்குள் அடங்கும். பொருளைச் செயற்கை வியர்வையில் ஒரு கிழமை ஊறப்போட்டு, கசிந்ததை அளப்பார்கள். உலோகத்துக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று சட்டம் கேட்பதில்லை, எவ்வளவு வெளியே வருகிறது என்றுதான் கேட்கிறது. நீங்களும் கடையில் அதையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த எல்லை ஒவ்வாமை உள்ள பெரும்பாலானவர்களைக் காக்கும், எல்லோரையும் அல்ல. மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும் சிலருக்கு அதற்குக் குறைந்த கசிவும் போதும்.

ஒவ்வொரு பின்மூடியாக

ஸ்டீல். நல்ல மணிக்கூடுகளில் வருவது 316எல் என்ற தரம். குரோமியம் 16 முதல் 18 வீதம், நிக்கல் 10 முதல் 14 வீதம், மொலிப்டெனம் 2 முதல் 3 வீதம். நிக்கல் இவ்வளவு இருந்தும் அது வெளியே வராமல் தடுப்பது மேலே படியும் குரோமியம் ஒக்சைட்டுப் படலம். சில நானோமீற்றர் தடிப்புத்தான். காய்ச்சிய பாலில் ஏட்டை விலக்கினால் மறுபடி ஏடு கட்டுவதுபோல, கீறினாலும் காற்றுப் பட்டதும் அது தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அதனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பலர் 316எல் மணிக்கூட்டைச் சுகமாகக் கட்டுகிறார்கள். விற்பவர் சொன்னதில் பாதி உண்மை என்பது இதனால்தான். மற்றப் பாதியைக் கவனியுங்கள்: ‘சேர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது ஒரு தரத்தின் பெயரல்ல, யாரும் எதற்கும் ஒட்டக்கூடிய விளம்பரச் சீட்டு. இலகுவாகக் கடைவதற்காகக் கந்தகம் சேர்த்த 303 போன்ற ஸ்டீல்களும் உண்டு. அவற்றில் அந்தப் படலம் ஓட்டை விழுந்தது, கசிவும் கூட. தர எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். உங்களைப்போல் மூன்று இடத்தில் அனுபவப்பட்டவர், எண் சரியாக இருந்தாலும் ஸ்டீலைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அலுமினியம். 1825-இல் கோப்பன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டட் முதன்முதலில் பிரித்தெடுத்த உலோகம். பாரம் ஸ்டீலில் மூன்றிலொரு பங்குதான்; நித்திரையில் கையை உறுத்தாது. மணிக்கூடுகளில் அதன் மேற்பரப்பை மின்வேதிமுறையில் ஒக்சைட்டாக்கி, நிறம் ஊட்டி, கடைசியில் நுண்துளைகளை அடைப்பார்கள். அப்படி அடைப்பதற்குச் சில தொழிற்சாலைகள் நிக்கல் அசிற்றேற்றைப் பயன்படுத்துவதுண்டு. பெயர்பெற்ற கம்பனிகள் ஐரோப்பியச் சோதனையைத் தாண்டித்தான் விற்க வேண்டும். பெயர் தெரியாத இணையக் கடைச் சரக்குக்கு அந்த உறுதி இல்லை. மேற்பூச்சு ஸ்டீலைவிட இலகுவாகக் கீறுப்படும். ஆனாலும் கீறலுக்குக் கீழே இருப்பது அலுமினியம்தான், நிக்கல் அல்ல.

டைட்டேனியம். மணிக்கூடுகளில் பெரும்பாலும் தரம் 2 எனப்படும் சுத்த டைட்டேனியம், அல்லது 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் கலந்த தரம் 5. இரண்டிலும் நிக்கல் கலவைப் பொருளாகச் சேர்க்கப்படுவதில்லை. பல்லும் இடுப்பு மூட்டும் பொருத்த இதைத்தான் உடலுக்குள் வைக்கிறார்கள். ஓர்ஹூஸின் லிண்ட்பெர்க் நிறுவனம் 1980-களிலிருந்து டைட்டேனியக் கம்பியில் கண்ணாடிச் சட்டகம் செய்கிறது. நாள் முழுக்க மூக்கிலும் காதிலும் கிடக்கும் பொருளுக்கு அந்த உலோகம் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அதுவே சாட்சி. விலையைத் தவிர எனக்கு இதில் பெரிய குறை தெரியவில்லை.

செராமிக். இது தேநீர்க் கோப்பைப் பீங்கான் அல்ல. சிர்க்கோனியம் ஒக்சைட்டை அழுத்திச் சுட்டது. ஸ்டீலைவிடப் பல மடங்கு கடினம், சாவியோடு கிடந்தாலும் கீறுப்படாது. வியர்வை அதை அரிக்காது, உலோக அயனி கசியும் கவலை இல்லை. கல்லுத் தரையில் முனை பட விழுந்தால் மட்டும் வெடிக்கலாம்.

பிளாஸ்டிக். கண்ணாடி இழை சேர்த்த நைலோன் போன்றவை. பாரம் குறைவு, விலை குறைவு, நிக்கல் இல்லை. கடையில் ‘மலிவு’ என்று முகம் சுளிப்பார்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவரின் தோலுக்கு இது ஸ்டீலைவிடப் பாதுகாப்பானது.

இங்கே ஒரு பொறி உண்டு. மணிக்கூட்டின் உடல் ஒன்று, பின்மூடி இன்னொன்று. 2022-இல் வந்த ஆப்பிள் வாட்ச் எஸ்இ-யின் உடல் அலுமினியம், பின்பக்கம் நைலோன். கார்மின் ஃபீனிக்ஸ் வரிசையில் பல மாதிரிகளுக்கு நேர்மாறாக உடல் பிளாஸ்டிக், பின்மூடி உலோகம். ஆப்பிளிலேயே 2018-இன் நான்காம் வரிசைக்குச் செராமிக் பின்பக்கம். 2024-இன் பத்தாம் வரிசையில் அது உலோகமாக மாறிவிட்டது. ஆகவே பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விவரப் பட்டியலில் பின்மூடிக்கென்று என்ன எழுதியிருக்கிறது என்று மகனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதயத்துடிப்பும் நித்திரையும் சரியாக அளக்கப்படுவதற்கும் பின்மூடிப் பொருளுக்கும் தொடர்பில்லை. பச்சை ஒளி போய் வருவது நடுவிலுள்ள கண்ணாடி அல்லது சஃபயர் சாளரத்தால். அது தோலோடு ஒட்டியிருக்கிறதா என்பதே முக்கியம். குளிரைப் பற்றியும் கடையில் சொல்வார்கள். அலுமினியம் டைட்டேனியத்தைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஜனவரிக் காலையில் கட்டும்போது சுரீரென்று குளிரும். சில நிமிடத்தில் கையின் சூட்டுக்கு வந்துவிடும். அதற்காக வேறு எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

பிளாஸ்டிக் பட்டி ஏன் கடித்தது?

இதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான இடம். 2014-இல் அமெரிக்காவில் ஃபிட்பிட் நிறுவனம் ‘ஃபோர்ஸ்’ என்ற பட்டியைத் திரும்பப் பெற்றது. ஏறக்குறைய பத்து லட்சம் பட்டிகள். பலருக்கு மணிக்கட்டில் தடிப்பும் கொப்புளமும். சிலருக்கு ஸ்டீல் பகுதியின் நிக்கல் காரணமாகலாம், மற்றவர்களுக்குப் பட்டிப் பொருளோ பாகங்களை ஒட்டிய பசையோ காரணமாகலாம் என்று நிறுவனமே சொன்னது. அந்தப் பசைகளில் அக்ரிலேட் என்ற இரசாயனக் குடும்பம் இருக்கிறது. முழுவதும் இறுகாமல் எஞ்சிய துளி, நிக்கலைப் போலவே தோலைப் பகைக்க வல்லது. ஜெல் நகப்பூச்சிலும் இருப்பது இதே குடும்பம். நீங்கள் அது போடுவதுண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய தடிப்பின் படம் கைத்தொலைபேசியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்; வடிவம் பல விடயம் சொல்லும். பூட்டின் அளவில் மட்டும் என்றால் நிக்கல். மின்னேற்றும் சிறு முனைகள் பட்ட இடத்தில் புள்ளி புள்ளியாக என்றாலும் நிக்கல்தான். தங்கப் பூச்சுக்குக் கீழே பெரும்பாலும் நிக்கல் பூச்சு இருக்கும், மேற்பூச்சுத் தேய்ந்தால் அது வெளிப்படும். சாளரத்தின் விளிம்பை வரைந்ததுபோல் இருந்தால் பசையைச் சந்தேகியுங்கள். பட்டி போன பாதை முழுக்க என்றால் பட்டி. பின்பக்கம் மூடிய இடம் முழுவதும் சிவந்து எரிந்து, கழற்றிய இரண்டொரு நாளில் ஆறினால், அது ஒவ்வாமை இல்லாமலே இருக்கலாம். சவர்க்கார நீரும் வியர்வையும் காற்றில்லாமல் அடைபட்டுத் தோலை ஊறவைத்த எரிச்சல் அது. ஒவ்வாமை மெதுவானது: ஓரிரு நாள் கழித்து வரும், கடிக்கும், கொப்புளிக்கும், பட்ட எல்லையைத் தாண்டியும் பரவும்.

உங்கள் வேலையில் ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறீர்கள், எத்தனை முறை கையுறை மாற்றுகிறீர்கள்! அந்தத் தோல் ஏற்கெனவே வரண்டு வெடித்திருக்கும், எதையும் இலகுவில் உள்ளே விடும். ஆகவே எரிச்சலும் ஒவ்வாமையும் சேர்ந்தே இருந்திருக்கவும் கூடும்.

வாங்கும் முன் சோதனை

முதலில் குடும்ப வைத்தியரிடம் போய், தோல்வைத்தியருக்குக் கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு போனால் அரசின் மஞ்சள் சுகாதார அட்டையிலேயே, கட்டணமின்றிப் பார்ப்பார்கள். முதுகில் சிறு சிறு ஒட்டுகள் ஒட்டி 48 மணித்தியாலம் விடுவார்கள். எடுத்த பிறகும் இரண்டு மூன்று தடவை, சில வேளை ஒரு கிழமை கழித்தும், பார்ப்பார்கள். உலகெங்கும் பயன்படும் ‘ட்ரூ டெஸ்ட்’ என்ற ஒட்டுத் தொகுதி டென்மார்க்கின் ஹிலெரோட்டில்தான் தயாராகிறது. அதில் நிக்கல், குரோமியம், கோபால்ட், றப்பர் இரசாயனங்கள் உண்டு; அக்ரிலேட் இல்லை. எனவே பட்டிக்குத் தடித்த கதையைச் சொல்லி, அக்ரிலேட்டையும் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள். அந்தப் பழைய பட்டி இன்னும் வீட்டில் கிடந்தால் கையோடு கொண்டு போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது டைமெதைல்கிளையொக்சைம் சோதனை. மருந்துக்கடையில் ‘நிக்கல் சோதனை’ என்று கேளுங்கள். பஞ்சுக் குச்சியில் அந்த மருந்தை விட்டு, உலோகத்தில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். பின்மூடியோடு நிறுத்தாமல் பூட்டிலும் தேய்த்துப் பாருங்கள். டைட்டேனிய மணிக்கூட்டுக்கும் பூட்டு ஸ்டீலாக இருப்பது சாதாரணம்.

பட்டியைப் பொறுத்தவரை உங்களுக்கு உலோகமே இல்லாத, ஒட்டிப் பிரிக்கும் நைலோன் பட்டிதான் நல்லது. இரவில் இறுக்காது, கழுவிக் காயவைக்கலாம். காந்தத்தில் ஒட்டும் உலோக வலைப்பட்டி வேண்டாம். காந்தங்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் பூச்சு. தோல் பட்டியில் கவனம் வேறு. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்பட்டு உலகெங்கும் போகும் தோலைப்போல, உலகத் தோலில் பெரும்பகுதி குரோமியத்தால் பதனிடப்படுவது. அந்தக் குரோமியம் ஆறாம் இணைதிறனுக்கு மாறினால் கடும் ஒவ்வாமை தரும். அதற்கும் கட்டுப்பாடு கேட்டு ஐரோப்பாவில் முன்மொழிந்தது டென்மார்க்தான். 2015 மே முதல் தோலோடு படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது.

வாங்கும்போது ஒன்று. இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டப்படி உண்டு. கடையில் நேரே வாங்கினால் அந்த உரிமை தானாக வராது. திருப்பி எடுப்பார்களா, கட்டிப் பார்த்ததையும் எடுப்பார்களா என்று முன்பே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். இரண்டு வருட முறைப்பாட்டு உரிமை பொருளின் பழுதுக்கு; உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாததைப் பழுது என்று கணக்கெடுக்க மாட்டார்கள்.

கட்டத் தொடங்கியபின்: வேலை முடிந்து வந்ததும் கை கழுவி, கிறீம் பூசி, அது நன்றாக உறிஞ்சப்பட்ட பிறகு கட்டுங்கள். நடைக்கு ஒரு கை, இரவுக்கு மறு கை என்று மாற்றுங்கள். பின்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். தடிப்புத் தொடங்கினால் கழற்றிவிடுங்கள். ‘பழகிவிடும்’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமை பழகுவதில்லை, வளரும்.

முடிவாக உங்களுக்கு: சோதனையில் நிக்கல் மட்டும் என்று வந்தால், நைலோன் பின்மூடியே போதும், மகன் மனமுவந்து கூடச் செலவழித்தால் டைட்டேனியம். அக்ரிலேட்டும் சேர்ந்து வந்தால் பின்மூடி எதுவானாலும் உள்ளே பசை இருக்கும். அப்போது எந்த ஸ்மார்ட்வாட்சையும் வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மகளுக்கு

நிக்கல் ஒவ்வாமை பிறப்போடு வருவதில்லை. வரண்ட தோல், எக்ஸிமாப் போக்கு தாயிடமிருந்து வரலாம். நிக்கலைப் பகைக்கத் தோல் கற்றுக்கொள்வது தொடுகையால். டேனிஷ் மாணவிகளைப் பரிசோதித்து 2002-இல் வெளியான ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் காது குத்தியவர்களில் நிக்கல் ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. வந்தபின் குத்தியவர்களில் அது மிகவும் குறைவு. அதே நாடு, மாறியது தோட்டின் உலோகம்.

அந்தப் பாதுகாப்பு உங்கள் மகளுக்கும் உண்டு, இங்கே வாங்கும் பொருளில். விடுமுறைக்கு ஊருக்கோ சென்னைக்கோ போய், கல்யாண வீட்டுக்கென்று அள்ளி வரும் கவரிங் தோடு, சங்கிலி, கொலுசு மீது ஐரோப்பியச் சட்டம் பாயாது. காது குத்திய துளையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் திரிவது, மணிக்கூட்டைவிடப் பெரிய ஆபத்து. அவளுக்கு நைலோன் பின்மூடி உள்ள மணிக்கூடும் நைலோன் பட்டியும் தாராளம். டைட்டேனியத்துக்குக் கொடுக்கவிருந்த மிச்சக் காசில் ஒரு சோடி நல்ல தங்கத் தோடு வாங்கி அவள் காதில் போட்டுவிடுங்கள்.